நான் வீட்டில், என் குரல் ஜீப்பில்

ஷைனி ஒருநாள் காலையில் கைபேசியை நீட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள். பாறசாலையில் நான் வேலை பார்த்த மைக் செட் கடையில் இப்போது அறிவிப்புச் சொல்கிறவள் அவள்தான். முகம் சுண்டிப்போய் இருந்தது.

"அக்கா, இதக் கொஞ்சம் கேளுங்க."

கேட்டேன். ஒரு பெண் நல்ல தமிழில் கோயில் திருவிழா அறிவிப்புச் சொன்னாள். பிறகு அவளே மலையாளத்திலும் சொன்னாள். மூச்சு வாங்கவில்லை, தொண்டையைச் செருமவில்லை, ஓரிடத்திலும் இடறவில்லை.

"நல்லா சொல்லுதாளே. ஆருக்க மவளாக்கும்?"

"ஆருக்க மவளும் இல்ல. எழுதிக் குடுத்தா மிஷினு சொல்லும். ஏ.ஐ.யாம். முதலாளிக்க மவன் இனி இது போரும்னு சொல்லுதாரு. எனக்குச் சோலி உண்டுமாக்கா, இல்லியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அழப்போகிற நேரத்தில் சிரித்தது தப்புதான். ஆனால் என்ன செய்ய? இதே கேள்வியை, அதே கடையில், தொண்ணூறுகளின் நடுவில் நான் கேட்டிருக்கிறேன். அப்போது என் வேலையைப் பறிக்க வந்தவள் ஊர்பேர் தெரியாத பெண் அல்ல. நானேதான். "இருடீ, கட்டன் சாயா போடுதேன், சொல்லுதேன்" என்றேன். அன்று அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், சொல்லும்போது விட்டுப்போனதையும் சேர்த்து.

நான் வேலைக்கு வந்த கதை சின்னது. எங்கள் சபைப் பாடகர் குழுவில் நான் பாடினால் பக்கத்தில் நிற்கிறவர்களின் சத்தம் கேட்காது. அதனால் முதலில் என்னைப் பின்வரிசைக்கு மாற்றினார்கள். பிறகு ஜன்னலோரம் மாற்றினார்கள். அடுத்து வாசலுக்கு வெளியேதான் என்று நான் பயந்துகொண்டிருந்தபோது, சபை ஆண்டுவிழாவுக்கு ஜீப்பில் அறிவிப்புச் சொல்ல வரவேண்டிய ஆள் குடித்துவிட்டு அமரவிளைப் பாலத்தடியில் கிடந்தார். "அந்தச் சத்தக்காரிய ஏத்துங்க" என்று யாரோ சொல்ல, ஏற்றினார்கள். சாயங்காலம் இறங்கும்போது எனக்கு ஒரு வேலை இருந்தது.

பழகவேண்டியது கொஞ்சம்தான். ஜீப் குழியில் விழுவதற்கு முன்னால் வாக்கியத்தை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு பல்லுக்கு இடையில் போகும். எந்த வளைவில் தமிழை விட்டு மலையாளத்துக்கு மாறவேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் ரோட்டுக்கு வலதுபுறம் தமிழ் என்றால் இடதுபுறம் மலையாளம். சில வீட்டில் மாமியார் தமிழ், மருமகள் மலையாளம், சண்டை மட்டும் இரண்டிலும் நடக்கும். அந்த வீடுகளுக்கு இரண்டையும் கலந்து அடிக்க வேண்டும்.

முதலாளி குமாரதாஸ் அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் போனால் அவர் ஆவி வந்து என் தொண்டையைப் பிடிக்கும். அவர் எதையும் மூன்று முறை ஊதாமல் தொடமாட்டார். மைக்கை ஊதி ஊதிப் பழகின வாய். டீ குடிக்கும் முன் மூன்று ஊது ஊதுவார், ஆறிப்போன டீயாக இருந்தாலும் சரி. மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை கையில் மாலையை எடுத்துக் கொடுக்கும்போதும் அதன்மேல் ஊதிவிட்டுத்தான் கொடுத்தார் என்று ஜீப் டிரைவர் செல்வன் சொல்வான். செல்வன் சொல்வதில் பாதியைக் கழிக்கவேண்டும், அப்படிக் கழித்தாலும் ஒன்றரை ஊது ஊதியிருப்பார்.

அவர் வாயிலிருந்து பாராட்டு வாங்குவது கல்லில் நார் உரிக்கிற காரியம். நான் உயிரைக் கொடுத்துச் சொல்லிவிட்டு வந்து நிற்பேன். "இன்னைக்கு ஆம்ப்ளிஃபயர் நல்லா எடுத்துது" என்பார். மோசமாகச் சொன்ன நாளில் ஆம்ப்ளிஃபயர்மேல் பழி போகாது, "ரோஸ்லெட்டே, நினக்கு எந்து பற்றி?" என்று, உனக்கு என்ன ஆயிற்று என்பதை மலையாளத்தில் கேட்பார். மலையாளத்துக்கு மாறினால் கோபம் என்று அர்த்தம்.

ஆனால் தொழிலைச் சொல்லித்தந்தது அவர்தான். குறிப்பாக மரண அறிவிப்பை. திருவிழாவுக்கும் ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்கும் ஜீப் ஓடிக்கொண்டே இருக்கலாம். மரணத்துக்கு முக்குக்கு முக்கு நிறுத்த வேண்டும். பாட்டுப் போடக்கூடாது. நின்றதும் பேசிவிடக் கூடாது. மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். ஜீப்பின் மேலிருக்கிற கோளாம்பிக் கூம்பு ஸ்பீக்கரில் அந்த வெறும் இரைச்சல் கேட்டதும் அடுப்படியில் நிற்கிறவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு வருவார்கள். அதற்குப் பிறகுதான் பெயர். பெயரை இரண்டு முறை சொல்ல வேண்டும். பிறகு வீட்டுப் பெயர், யாருடைய மகன், யாருடைய அப்பா, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். மரித்தவருடைய வீட்டு முன்னால் போகும்போது மைக்கை மூடிவிட வேண்டும். அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்ததை அவர்களிடமே கூவுவது மரியாதை இல்லை.

ஒன்றை மட்டும் நானாகச் சேர்த்தேன். எங்கள் பக்கம் பெயர்ப் பஞ்சம் அதிகம். முக்கில் நின்று "தங்கப்பா" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள், தென்னையில் இருக்கிற ஒருவர் "என்னவாக்கும்?" என்று கேட்பார். அதனால் பெயரோடு ஆளைக் காட்டுகிற ஒரு சொல் சேர்ப்பேன். அதில் பொய் இருக்கக்கூடாது. வீட்டாருக்கு வலிக்கக்கூடாது. கேட்டவுடனே ஆள் கண்முன் வந்து நிற்க வேண்டும். "மீன் வாங்கினால் பூனைக்கும் ஒரு பங்கு வாங்குகிற ராஜம்மா" என்று ஒருமுறை சொன்னேன். பூவார் வரைக்கும் அந்த ராஜம்மாதான் என்று தெரிந்துவிட்டது. ஒரு பொன்னையன், சந்தைக்குப் போவார், எல்லாக் கடையிலும் விலை கேட்பார், வெறுங்கையோடு திரும்புவார். அவரை "பாறசாலைச் சந்தையில் எல்லாப் பொருளின் விலையும் அறிந்தவர்" என்றேன். அவருடைய மகன்களே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இது பெரிய வழக்கமாகிவிட்டது. ஜீப் நின்றால் "ஆரு மரிச்சா?" என்று கேட்கமாட்டார்கள், "ரோஸ்லெட்டு என்ன சொன்னா?" என்றுதான் கேட்பார்கள். உயிரோடு இருக்கிறவர்களும் என்னை விடுவதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெல்ல, "மக்கா, எனக்கு என்ன சொல்லுவே?" என்பார்கள். நான் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்.

"அன்னைக்குக் கேட்டுக்கிடுங்க."

அந்தப் பதிலால் உறக்கம் கெட்டவர்கள் உண்டு. திருந்தியவர்களும் ஒன்றிரண்டு பேர் உண்டு என்று கேள்வி.

பயப்படாத ஆள் ஒரே ஒருவர். காரோட்டுப் பக்கம் ஆலுவிளையில் இருந்த தங்கப்பன். கேஸ் தங்கப்பன் என்றால்தான் ஊருக்குத் தெரியும். அவரோடு வழக்கு இல்லாத வீடு ஆலுவிளையில் இல்லை. உங்கள் கோழி அவர் வீட்டைச் சுற்றின விளையில் கிளறினால் கேஸ். உங்கள் தென்னை ஓலை அவர் பக்கம் விழுந்தால் கேஸ். பக்கத்து வீட்டு நேசையனோடு, எல்லைக் கல்லின்மேல் நின்ற ஒரு மாமரத்துக்காக வருஷக்கணக்கில் நெய்யாற்றின்கரைக் கோர்ட்டுக்குப் போய்வந்தார். கோர்ட்டு அந்த மரத்துக்கு ஸ்டே கொடுத்திருந்தது. இருவரும் வெட்டக்கூடாது, தொடக்கூடாது. மாம்பழம் பழுத்து விழுந்து, ஊர்ப் பிள்ளைகள் தின்று கொழுத்தார்கள்.

அந்தத் தங்கப்பன் ஒருநாள் குடையை நீட்டி எங்கள் ஜீப்பை நிறுத்தினார்.

"எடீ ரோஸ்லெட்டே, நான் மரிச்சா நீ தப்பா ஒரு சொல்லு சொன்னே, மானநஷ்டக் கேஸ் போடுவேன் கேட்டியா."

"மரிச்ச பெறவு எப்பிடி மாமா போடுவிய?"

"வக்கீலுக்கிட்ட நேரத்தே கையொப்புப் போட்டுக் குடுத்திட்டாக்கும் போவேன்."

செல்வன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். தங்கப்பன் அவனைப் பார்த்த பார்வையில் அவன்மேலும் ஒரு கேஸ் உருவாவது தெரிந்ததால் நாங்கள் வண்டியை எடுத்துவிட்டோம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் முதலாளி ஒரு பெரிய ரயில் நிலையத்துக்குப் போனார். அங்கே கம்ப்யூட்டர் அறிவிப்புச் சொல்வதைக் கேட்டார். ஒரு பெண் முன்னமே பேசிவைத்த சொற்களை எடுத்து எடுத்துக் கோத்து அதுவே சொல்லுமாம். அந்தக் குரலை ரசித்து நின்றதில் அவர் ஏறவேண்டிய வண்டி போய்விட்டது. வண்டி போவதையும் அது நன்றாகத்தான் அறிவித்தது என்றார்.

கொஞ்ச நாளில் கடையின் பின்னறைக்குத் திரை போட்டார்கள். உள்ளே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். எங்களுக்கு இல்லாத ஃபேன் அதற்கு இருந்தது. முதலாளி அதன் நெற்றியில் சந்தனம் தொட்டு வைத்து, மூன்று முறை ஊதினார். அதை இயக்குவதற்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். அவருக்குப் பெயர் இருந்திருக்கும், நாங்கள் கம்ப்யூட்டர் சார் என்றே கூப்பிட்டோம்.

என்னை ஜன்னல் சாத்திய அறையில் உட்காரவைத்து, சுவரெல்லாம் மெத்தையைச் சாய்த்து, சொல் சொல்லாகப் பேசவைத்தார்கள். கிழமைகள், மாதங்கள், மணிகள். பாறசாலை, உதியன்குளங்கரை, காரோடு, ஆலுவிளை, பூவார், பாலராமபுரம். செல்லப்பன், தங்கப்பன், பொன்னையன், தங்கம்மா, ராஜம்மா.

"சிரிச்சுகிட்டே சொல்லு" என்றார் முதலாளி. பாலராமபுரத்து ஜவுளிக்கடைகளின் ஓணத் தள்ளுபடியை மனதில் வைத்துத்தான் அவர் இவ்வளவும் செய்தார்.

"மரணத்துக்கும் இதே சத்தந்தானா அண்ணா?"

"சத்தத்த கம்ப்யூட்டரு குறச்சுக்கிடும்."

"வீட்டுப் பேரு?"

"வீட்டுப் பேர எண்ண நின்னா ஆயுசு தீரும். பேரு இருக்கு, ஊரு இருக்கு. அது போரும்."

"அந்த ஒரு சொல்லு?"

அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தார்கள். எல்லாருக்கும் பொருந்துகிறமாதிரி ஒன்று. கம்ப்யூட்டர் சார் எழுதிக் கொடுத்தார், நான் சிரித்துக்கொண்டே வாசித்தேன்: "அனைவராலும் நேசிக்கப்பட்டவர்."

வேலை முடிந்ததும் முதலாளி எனக்கு ஒரு பாலராமபுரம் சேலை கொடுத்தார். "இனி நீ வரண்டாம் மக்கா. நீ வீட்டில இருந்தாலும் இஞ்ச சோலி செய்துகிட்டுத்தான் இருப்பே" என்றார். அதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து சேலையைக் கொடியில் போட்டுவிட்டு அழுதேன். என் வீட்டுக்காரர் கொத்தவேலைக்குப் போகிறவர், மழை தொடங்கினால் சும்மா இருப்பார். மகள் பத்தாம் வகுப்பு. என் சம்பளம் நின்றால் அடுப்பு நின்றுவிடும். ஆம்ப்ளிஃபயர் கெட்டால் சரியாக்குகிற மனுஷன், என்னைக் கழற்றி வைத்துவிட்டு என் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டாரே என்று வயிறு எரிந்தது.

மறுநாளே, கம்ப்யூட்டர் கோத்துக் கொடுத்த காசெட்டில், என் குரல் ரோட்டில் போயிற்று. நான் கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "எடீ, நீ இஞ்ச நிக்கே, ஜீப்புல போறது ஆரு?" என்றாள். எங்கள் நாய் குரைத்துக்கொண்டே ஜீப்பின் பின்னால் ஓடி, குழம்பிப்போய்த் திரும்பி வந்து என்னை முகர்ந்து பார்த்தது.

சண்டைக்கும் ஆள் வந்தது. ஒரு மரண வீட்டு முன்னால் என் குரல் "வாரி வழங்கும் தள்ளுபடி" என்று கூவிக்கொண்டு போனதாம். மூன்று பெண்கள் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"நான் இல்லம்மா அது."

"பின்ன ஆரு? உனக்க சத்தந்தானே?"

"சத்தம் எனக்கதுதான். நான் இல்ல."

"வட்டு பிடிச்சிருக்காடீ உனக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அப்படி இருக்கையில் ஒருநாள் காலை, நெத்தோலி மீன் கழுவிக்கொண்டிருக்கிறேன், என் குரல் வந்தது. "அன்பார்ந்த பெருமக்களே! காரோடு! ஆலுவிளை! தங்கப்பன் அவர்கள்! இன்று காலை! மரணமடைந்தார்!" லாட்டரியில் முதல் பரிசு விழுந்ததைச் சொல்கிற குதூகலம். "அனைவராலும் நேசிக்கப்பட்டவர்! அனைவரும் வருக! வருக!" அந்த வருகவை எல்லாக் காசெட்டிலும் கடைசியில் ஒட்டிவைத்திருந்தார் கம்ப்யூட்டர் சார்.

என் கையிலிருந்த சட்டி விழுந்தது. ஆலுவிளையில் இரண்டு தங்கப்பன். ஒருவர் நான் சொன்ன கேஸ் தங்கப்பன். மற்றவர் லைன்மேன் தங்கப்பன். பெருமழையில் கரண்ட் போனால், இரவென்றும் பார்க்காமல் தோளில் கயிற்றோடு வந்து நிற்பார். ஒரு வாய் கட்டன்கூடக் கேட்காத மனுஷன். அனைவராலும் நேசிக்கப்பட்டவர் என்றால் வேறு யார்? ஊர் முழுக்க அப்படித்தான் நினைத்தது. ரோஸ்லெட்டின் சொல் ஆளைக் காட்டும் என்று நான்தானே பழக்கிவைத்திருந்தேன்? கேளுங்கள் கூத்தை: நானும் நம்பினேன். என் சத்தமே சொல்கிறதே என்று நம்பினேன். சேலையை மாற்றிக்கொண்டு, வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு லைன்மேன் வீட்டுக்கு ஓடினேன்.

எனக்கு முன்னால் பாதி ஊர் அங்கே நின்றது. மலர்வளையம் இரண்டு வந்திருந்தது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள், அதே வேகத்தில் கத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். லைன்மேன் தங்கப்பன் மேசையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுகொண்டிருந்தார்.

அவருடைய மனைவி துடைப்பத்தோடு வாசலுக்கு வந்தாள். "எவளாக்கும் எனக்க மாப்பிளய கொன்னது?" என்றாள். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

லைன்மேனுக்கு மட்டும் ஒரே சந்தோஷம். கையைக் கழுவாமல் எழுந்துவந்து, முற்றத்தில் நின்ற கூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். "இவ்வளவு ஆளு வருமா எனக்கு? அம்மோ!" என்றார். பிறகு நெற்றியைச் சுளித்து, "எனக்க மச்சினன எங்க காணல?" என்று கேட்டார். அப்புறம்தான் அவருக்கே புரிந்தது. "அப்போ மரிச்சது மற்றவனாக்கும்" என்றார்.

"ஓ, அவனா?" என்றார் ஒருவர். "சரி, எனக்குக் கொஞ்சம் சோலி உண்டு" என்றார் இன்னொருவர். ஒவ்வொருவராகக் கழன்றார்கள். மலர்வளையத்தைக்கூட எடுக்கவில்லை. லைன்மேன் மனைவிதான் இரண்டையும் வேலிக்கு வெளியே வீசினாள்.

அப்போது படலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். கேஸ் தங்கப்பனுடைய மகள் சுஜாதா. ஓடிவந்ததில் தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"அக்கா, அப்பாவப் பாக்க ஒரு மனுஷரும் வரல. நானும் அம்மையும் மட்டும் உண்டு. எல்லாரும் உங்க சத்தம் கேட்டாக்கும் இஞ்ச வந்தாவ."

நான் அவள் பக்கத்தில் போனேன்.

"சிதைக்கு மாவு மரம் வெட்டணும். வெட்ட ஆரு வருவாவ? சாயங்காலத்துக்குள்ள எடுக்கண்டாமா? நீங்க நேருல சொல்லுங்க அக்கா. நீங்க சொன்னா வருவாவ."

எங்கள் பக்கம் இந்து வீட்டில் ஒருவர் மரித்தால், சொந்த விளையிலேயே மாமரம் வெட்டிச் சிதை அடுக்குவார்கள். அதை வீட்டுக்காரர்கள் செய்யமாட்டார்கள். ஊர் வந்து செய்யவேண்டும். ஊர் வராவிட்டால் அதைவிடப் பெரிய சாபம் ஒரு வீட்டுக்கு இல்லை. எனக்குச் சங்கடமும் கோபமும் ஒன்றாக வந்தது. சுஜாதாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தால், முக்கில் எங்கள் ஜீப். முதலாளியும் செல்வனும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள்.

"இன்னொரு காசெட்டு அடிச்சுக்கொண்டு வரலாம்" என்றார் முதலாளி.

"எல்லாரும் நேசிச்ச தங்கப்பன்னு திருப்பியும் சொல்லவா? அந்த மிஷினுக்கு எந்தத் தங்கப்பனயும் தெரியாது அண்ணா. எனக்கு ரெண்டு பேரையும் தெரியும். மைக்கத் தாங்க."

அவர் என்னைப் பார்த்தார், சுஜாதாவைப் பார்த்தார். காசெட்டை வெளியே எடுத்தார். மைக்கை மூன்று முறை ஊதி என் கையில் கொடுத்தார்.

ஏறி உட்கார்ந்தபிறகுதான் பயம் வந்தது. என்ன சொல்வது? நல்ல மனுஷன் என்றால் பொய், ஒருவரும் வரமாட்டார்கள், சிரிப்பார்கள். கேஸ் தங்கப்பன் என்றால் பின்சீட்டில் மகள் இருக்கிறாள். ஜீப் போகிற வழியெல்லாம் அவரோடு வழக்கு உள்ள வீடுகள். கோழி கேஸ், ஓலை கேஸ், ஓடை கேஸ். ஆலுவிளை முக்கில் செல்வன் வண்டியை நிறுத்தினான். மைக்கைத் திறந்தேன். ஸ்பீக்கர் இரைந்தது. ஆட்கள் முற்றத்துக்கு வந்தார்கள். இன்னும் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. வழக்கத்தைவிட நேரம் போயிற்று. முதலாளி முன்சீட்டிலிருந்து திரும்பினார்.

பெயரை இரண்டு முறை சொன்னேன். வீட்டுப் பெயரைச் சொன்னேன், மேலேவிளாகம். சுஜாதாவின் அப்பா என்று சொன்னேன். பிறகு அது தானாக வந்தது.

"அவரோடு கேஸ் உள்ளவர்கள் எல்லாரும் வந்து சேருங்கள். இதுதான் கடைசி வாய்தா. இனி மாற்றி வைக்கமாட்டார்கள்."

சொல்லிவிட்டுப் பின்னால் பார்க்கப் பயந்தேன். பார்த்தேன். சுஜாதா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "அப்பாக்கு இதாக்கும் அக்கா செரி" என்றாள். இரண்டும்தான் என்று அப்போது தெரிந்தது.

முதலில் அசைந்தது நேசையன் வீட்டுக் கதவு. கோடாலியோடு வந்தார். அவருக்குப் பின்னால் கோழி கேஸ், ஓலை கேஸ், ஓடை கேஸ். நேசிக்கப்பட்டவர் என்றால் "நாம என்னத்துக்கு?" என்று நின்றிருப்பார்கள். கேஸ் உள்ளவர்கள் என்றால் ஒருவருக்கும் ஒதுங்க வழியில்லை. லைன்மேன் தங்கப்பனும் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எனக்கும் அவனுக்கும் ஒரு கரண்டு போஸ்ட்டு கேஸ் உண்டாக்கும்" என்றார் பெருமையாக. புதிதாகக் குடிவந்த ஒருவர் மட்டும் ஜீப் பக்கத்தில் வந்து, "எனக்குக் கேஸ் ஒண்ணும் இல்ல, நான் வரலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அங்கே போய்ப் பார்த்தால், வெட்டுவதற்கு விளையில் வேறு மாமரம் இல்லை. எல்லைக்கல் மேல் நின்ற அந்த மரம்தான். எல்லாரும் அதை அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஸ்டே உள்ள மரமாக்கும், தொட்டா உள்ள போடுவான்" என்றார் ஓலை கேஸ்.

நேசையன் வேட்டியை மடித்துக் கட்டினார். "வாதி அந்தா கெடக்கான். பிரதிவாதி நான் சொல்லுதேன். வெட்டுங்கலே!" என்று முதல் வெட்டைப் போட்டார்.

இருவரும் வருஷக்கணக்காகச் சண்டையிட்ட மரம் மத்தியானத்துக்குள் விறகாயிற்று. சாயங்காலம் தீ பிடித்து எரிந்தபோது நேசையன் கொஞ்சம் தள்ளி நின்றார். கண்ணில் புகை என்று நினைத்தேன். பக்கத்தில் போனதும் சொன்னார், "ஓரோ வாய்தாவுக்கும் ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸிலயாக்கும் நெய்யாற்றின்கரைக்குப் போவோம். போவும்போ டிக்கட்டு அவன் எடுப்பான், வரும்போ நான். இனி நான் ஆருகூட போவேன் ரோஸ்லெட்டே?" பெரிய மனுஷன், தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன். மானநஷ்டக் கேஸ் எதுவும் வரவில்லை.

மறுநாள் காலை குமாரதாஸ் முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். டீ கொடுத்தேன். மூன்று ஊது ஊதினார். தரையைப் பார்த்துக்கொண்டு, "நேத்து ஆம்ப்ளிஃபயர் நல்லா எடுத்துது" என்றார்.

"எப்ப வரணும் அண்ணா?" என்று கேட்டேன்.

"ஜீப்பு வெளிய நிக்கு" என்றார்.

அந்தக் கம்ப்யூட்டர்மேல் எனக்குப் பகை இல்லை. ஜவுளித் தள்ளுபடியை அது என்னைவிட நன்றாகச் சொன்னது; வெயிலில் ஒரே சேலை விலையை நாள் முழுக்கச் சொன்னால் எனக்குக் கொட்டாவி வரும், அதற்கு வராது. அதை அதற்கே விட்டுவிட்டு மரணத்தை நான் எடுத்துக்கொண்டேன். பிறகு ஒரு மழைக்காலத்தில் அதற்குள் எறும்பு கூடு வைத்து, ஜவுளியும் என்னிடமே திரும்பி வந்தது. ஓய்வு பெறும்வரை சொன்னேன்.

ஷைனி இதையெல்லாம் கேட்டு, கட்டன் சிந்துகிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கைபேசியை எடுத்தாள்.

"இது அந்தக் காலத்து மிஷின் இல்லக்கா. இதுக்குப் புத்தி உண்டு. உங்களுக்கு என்ன சொல்லுதுன்னு பாப்போம்." என் பெயர், ஊர், சபை, செய்த வேலை எல்லாவற்றையும் அதில் அடித்தாள். அந்த மூச்சு வாங்காத பெண் அருமையான குரலில் என் மரணத்தை அறிவித்தாள். குரலைத் தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்தினாள், வருக வருக என்றெல்லாம் சொல்லவில்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது. கடைசியில் சொன்னாள்: "அனைவராலும் நேசிக்கப்பட்டவர்."

"அட சண்டாளி!" என்று நான் எழுந்துவிட்டேன். "எங்க சபையில நாலு ரோஸ்லெட்டு உண்டு பிள்ளே. அதுல ரெண்டு பேரு நெசமாவே நல்லவளுவ. ஊரு முழுக்க அவளுவ வீட்டுக்குப் போயிரும், நான் இஞ்ச ஒத்தைக்குக் கெடப்பேன்!"

ஷைனி கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். அடுப்படியைப் பார்த்தாள், ஜன்னல் வழியாக நான் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போடுகிற வேலியைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள். அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது.

"உங்களுக்க சொல்லு கிட்டியாச்சுக்கா" என்றாள்.

"என்னவாக்கும்? சொல்லு."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படலைத் திறந்தாள்.

"அன்னைக்குக் கேட்டுக்கிடுங்க."

கள்ளி! இவளுக்குச் சோலி போகாது என்று எனக்கு உறுதியாயிற்று. போனது என் உறக்கம்தான்.